எரியாத விளக்கு

நாரினுக்கு மேலே, மே மாதக் கடைசியில்,
பனி உருகிப் பாதையைத் தின்ற இடத்தில்
நின்றுவிட்டது எங்கள் நீவா.
பின்சீட்டில் அறுநூறு ஆடுகளுக்குத் தடுப்பூசி.
ஐஸ் பெட்டி ஏழு மணி நேரம் தாங்கும்,
அதில் நாலு போய்விட்டது.

எமில்பெக் இறங்கிக் குனிந்து பார்த்தான்.
முன் இடது அந்தரத்தில்.
பின் வலது அந்தரத்தில்.
மற்ற இரண்டும் நல்ல பாறையில் உட்கார்ந்து
வேடிக்கை பார்த்தன.

"இழுவையெல்லாம் சும்மா சுத்துறவனுக்கே போகுது"
என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
தப்பு.
டிஃபரென்ஷியலுக்குப் பந்தி வஞ்சனை தெரியாது.
இரண்டு பக்கமும் ஒரே அகப்பை.
ஆனால் அளவைத் தீர்மானிப்பது
குறைவாகக் கேட்பவன்.
காற்றை உதைக்கிறவனுக்கு ஒரு பருக்கை போதும்;
ஆகவே பாறையைப் பற்றி நிற்பவனுக்கும்
ஒரே ஒரு பருக்கை.

அதைத் திட்டவும் மனசு வரவில்லை.
வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும்,
உள்சக்கரம் கொஞ்சம்.
ஒரே தண்டில் இரண்டையும் அறைந்திருந்தால்
ஒன்று தேய்ந்தே செத்துப்போகும்.
அந்த எண்ணெய் இருட்டுக்குள்
நாலு பல்சக்கரங்கள்
உன் தூரம் உனக்கு, என் தூரம் எனக்கு என்று
சத்தமில்லாமல் பிரித்துக்கொள்கின்றன.

எமில்பெக் வியாழக்கிழமை மாஸ்கோ போகிறான்.
டாக்ஸி ஓட்ட. மூன்று வருஷமாம்.
காலையிலிருந்து அதைத் தவிர
மற்ற எல்லாம் பேசியாயிற்று.

நடுப்பூட்டைப் போட்டேன்.
குட்டி லீவர், அடியில் ஒரு 'டக்'.
இனி முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கட்டு.
அதற்கான விளக்கு எரியவில்லை,
பல்பு போய் இரண்டு குளிர்காலம்.
வண்டியும் அசையவில்லை.
முன்னால் ஒருவன் அந்தரம், பின்னால் ஒருவன் அந்தரம்,
கட்டிப் போட்டது இரண்டு வெறுங்கைகளை.
ஆக்சிலுக்குள்ளேயே பூட்டு
தங்கச் சுரங்கக்காரர்களின் ஜப்பான் வண்டியில் இருக்கும்:
ஒரு பொத்தான், இடமும் வலமும் ஒரே சொல்.
கால்நடைத் துறைக்கு அது எதற்கு?

துர்சுன்பூபு குதிரையில் இறங்கி வந்தாள்.
கயிறு வேணுமா என்றாள்.
பொறு என்றேன்.

இடது காலால் பிரேக்கை லேசாக,
முட்டையை மிதிப்பதுபோல.
வலது காலால் ஆக்சிலரேட்டர்.
சும்மா சுற்றுகிறவனுக்குப் பிரேக் கொஞ்சம் பாரம் காட்ட,
அவன் கேட்கும் அளவு கூடியது.
பங்குமுறை மாறவில்லை;
பாறையில் இருப்பவனுக்கும் அதே அளவு போயிற்று.
முனகல். ரப்பர் நாற்றம்.
குதிரை காதை மடக்கிக்கொண்டு விலகியது.
ஒரு முழம்.
நின்றது.
இன்னும் ஒரு முழம். பிறகு சேறெல்லாம்
எமில்பெக்கின் முகத்தில்.

துர்சுன்பூபு சிரித்தாள். அவனும், கடைசியில், நானும்.

ஊசி போட்டு முடிக்க இருட்டிவிட்டது.
தார்ச்சாலை வந்ததும் வேகம் எடுத்தேன்.
முதல் கொண்டைஊசி வளைவில்
ஸ்டியரிங் கல்லாயிற்று, டயர் கீச்சிட்டது.
பூட்டை எடுக்க மறந்திருந்தேன்;
சொல்ல விளக்கும் இல்லை.
லீவரை இழுத்தேன். வரவில்லை.
இரண்டு கையாலும் இழுத்தேன்.
சேற்றில் வழுக்கித் தீர்த்துக்கொண்ட கணக்கை எல்லாம்
கெட்டித் தரையில் தீர்க்க இடமில்லாமல்
தண்டுகளில் முறுக்கு ஏறியிருந்தது.

"பலம் போடாதே," என்றான், "கொஞ்சம் பின்னால போ."
அன்று அவன் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

ரிவர்ஸ். ஐந்தடி. பத்தடி.
எங்கோ அடியில் ஏதோ மூச்சுவிட்டது.
விரல் பட்டதும் லீவர் விழுந்தது.

இருட்டில் அப்படியே நின்றோம்,
இன்ஜின் ஓட,
வளைவுக்கு முன்னால்.

"பல்பு நாரின் பஜாரில் கிடைக்கும்,"
என்றான் எமில்பெக்.
"வியாழனுக்குள்ள மாட்டித் தர்றேன்."