உந்தா

வெள்ளை நிறம், தீப்பெட்டி அளவு.
பில் மேசைக்கு மேல, அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில
ஒட்டிவிட்டுச் சொன்னான் யதுகுலன்:
"உதுக்குக் கண் இல்லை அக்கா, காதும் இல்லை.
வாய் மட்டும்தான்.
நான் இஞ்ச நிக்கிறன், நான் இஞ்ச நிக்கிறன் எண்டு
செக்கனுக்கு மூண்டு தரம் சொல்லும்.
கேக்கிற போன் கேக்கும்."

ஆஸ்பத்திரி வீதியில பத்து வருசமா
நானும் உதைத்தானே செய்யிறன் எண்டு நினைச்சன்.
சொல்லேல்லை.
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.

*ஜெசிந்தா கூல்பார் உங்களுக்கு மிகக் கிட்ட.
பலூடாவுக்குப் பதினைஞ்சு வீதம் கழிவு.*
பின்னேரம் மூண்டு மணிக்கு இது
ரியூசன் விட்டு வாற பொடியளின்ர பொக்கற்றுக்குள்ளயும்
லீசிங் கொம்பனி மிஸ்மாரின்ர ஹான்ட்பாக்குக்குள்ளயும்
கிணுங் எண்டு விழும்.

என்ர போன் திரையில மூண்டு வட்டம்.
அவன் சொன்ன இங்கிலீசுப் பேர் வாயில நுழையேல்லை.
நான் வைச்ச பேர் இந்தா, உந்தா, அந்தா.
இந்தா எண்டால் கதிரையில இருந்தாச்சு.
அந்தா எண்டால் றோட்டுக்கு அங்கால.
உந்தா எண்டால்
வாசலில நிண்டு விலைப்பலகை பாத்துக்கொண்டு
வரலாமோ விடலாமோ எண்டு யோசிக்கிற ஆள்.
கடைக்காரிக்கு உந்தாவிலதான் சீவியம்.

புள்ளியள் வரும், போகும்.
ஒண்டு மட்டும் போகேல்லை.
அந்தாவின்ர விளிம்பில ஒன்பது நாள்.
இரவு கடை பூட்டேக்க நிக்கும்,
காலமை திறக்கேக்கயும் நிக்கும்.
முன்கடைக்காரன்தான் வேவு பாக்கிறான் எண்டு
ரெண்டு நாள் அவனோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

யதுகுலன் வந்து பாத்தான்.
"அது நடக்கிற போன் இல்லை அக்கா.
படுத்திருக்கிற போன்."

நிமிந்து பாத்தன்.
றோட்டுக்கு அங்கால, ரெண்டாம் மாடி,
வார்ட் யன்னல் கம்பியில ஒரு மஞ்சள் துவாய்.

கட்டில் தலைமாட்டில
'வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது' எண்டு
மட்டை தொங்கினதோ, ஆர் கண்டது?
நான் நாள் தவறாமல் மூண்டு மணிக்கு
கசகசா, றோஸ் சிரப், மேல ஒரு கரண்டி ஐஸ்கிறீம் எண்டு
ஒரு வறண்ட நாக்குக்குப் பக்கத்தில போய் நிண்டு
கிட்ட, மிகக் கிட்ட எண்டு
கூவியிருக்கிறன்.

"அவைக்கு மட்டும் நிப்பாட்ட ஏலாதோ?"
"ஏலாது. உது ஆள் பாத்துக் கதைக்காது.
சொன்னால் எல்லாருக்கும்தான்."

அண்டிரவு ஃபிறீசருக்குப் பக்கத்தில குந்தியிருந்து
மாத்தி எழுதினன்:
*சாப்பிடலாம் எண்டு டொக்டர் சொன்னாப்பிறகு வாங்கோ.
கழிவு அப்பவும் இருக்கும்.*

அடுத்தநாள் கொடிகாமம் பஸ் கொண்டக்டர் இறங்கி வந்தார்.
"என்னக்கா, உங்கட கடையில சாப்பிட்டால்
டொக்டரிட்டப் போகவேண்டிவரும் எண்டு
முந்தியே சொல்லுறியளோ?"
பொடியள் படம் பிடிச்சு அனுப்பிச் சிரிச்சாங்கள்.
வழமையா முப்பது போற பலூடா
பதினொண்டுதான் போச்சுது.
கொப்பியில அதையும் எழுதி வைச்சன்.

பன்ரெண்டாம் நாள் காலமை
விளிம்பில ஒண்டும் இல்லை.

முன்வாசலால வீட்டுக்குப் போச்சுதோ,
பின்வாசலால போச்சுதோ.
இல்லாட்டி மகள் ஒருத்தி வந்து
உதென்ன நெடுகக் கிணுங்குது எண்டு
புளூடூத்தை அமத்திவிட்டாளோ.
மஞ்சள் துவாய் அப்பிடியே தொங்குது.
அது வேற ஆற்றையோ.

ஒருக்கா விட்டுப்போன போன் திரும்பி வந்தால்
புதுப் புள்ளியாத்தான் காட்டுமாம்.
பற்றரி ரெண்டு வருசத்துக்குக் காணுமாம்.
நான் மெசேஜை மாத்தேல்லை.

ஆரும் ஒருத்தர் மெல்ல வந்து
கதிரை முதுகைப் பிடிச்சுக்கொண்டு
விலைப்பலகையை நெடுநேரம் வாசிச்சால்,
கேக்காமலே
ஐஸைக் குறைச்சுப் போடுறன்.