துணை

பதினெட்டுக்கு இருபத்துநாலு.
"ரெண்டா வெட்டு, லூர்துக்கா"
என்றான் எத்திராஜ்.
தேசிங்கு பேசவில்லை.
கடைவாசலில் கிடந்த டயரில் ஒரு காலை வைத்து
கொருக்குப்பேட்டை கேட்டையே பார்த்தபடி நின்றான்.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.

லாரியை விற்றுப் பிரித்தாகிவிட்டது.
ஜாக்கி ஒருவனுக்கு, ஸ்டெப்னி ஒருவனுக்கு.
மிச்சம் இந்தக் கித்தான்.
கோதுமை, உரம், ஒருமுறை
நாடகக் கம்பெனி ஒன்றின் சிம்மாசனம்
எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு
துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே
பதினோரு மழைக்காலம்.
நான் போட்ட ஒட்டு மட்டும் ஒன்பது.
மெழுகும் டீசலும் ஊறிய வாசனை.
காய்ந்திருந்தால் மடங்காது,
நனைந்தால் தூக்க நாலு ஆள்.

விரித்துப் போட்டேன், தெரு நிறைந்தது.
நடுவே மஞ்சள் பெயிண்டில்
அங்காளம்மன் துணை.
சாக்பீஸ் கோடு
இரண்டு சொல்லுக்கும் இடையில் விழுந்தது.
வேண்டுமென்று போடவில்லை,
அளவு அப்படி.

"அம்மன் எனக்கு" என்றான் மூத்தவன்.
தேசிங்கு அப்போதுதான் வாய் திறந்தான்.
"எடுத்துக்கோ."

சேலைத்துணி கிழியும்போது கத்தும்.
கித்தான் கத்தாது,
கத்தரியைப் பல்லால் பிடித்துக்கொள்ளும்.
முழங்கை வலிக்க வலிக்க வெட்டினேன்.
ஓரம் பிரியாமலிருக்க
இரண்டையும் மடித்து இரட்டைத் தையல்.
கோணி ஊசி கட்டைவிரலில் ஏறிய இடத்தில்
இருவருமே ஐயோ என்றார்கள்.
கூலியைப் பாதிப்பாதியாகக் கொடுத்தார்கள்,
ஆளுக்கு இருபது ரூபாய் குறைத்து.

அம்மன் இப்போது எத்திராஜின் குட்டியானையில்.
சின்ன வண்டிக்கு அது அதிகம்,
நாலாக மடித்துக் கட்டியிருக்கிறான்.
எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது.

துணை
தண்டையார்பேட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
தேசிங்கின் பெண்டாட்டி சொர்ணா போடும்
பஜ்ஜிக் கடைக்குக் கூரை.
எழுத்து வானத்தைப் பார்த்தபடி.
கீழே நின்று தின்கிறவர்களுக்குத் தெரியாது.
பாலத்தின் மேல் பஸ்ஸில்
ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் படிக்கலாம்.

நேற்று அடைமழை.
பாலத்தில் பஸ் நகரவே இல்லை.
எட்டிப் பார்த்தேன்.
கித்தான் நடுவில் குடம் குடமாய்த் தேங்கி
'ணை' பானை வயிறாய்த் தொங்கியது.
உள்ளேயிருந்து ஒரு கம்பு
அதை முட்டி முட்டித் தூக்கியது.
ஓரமாய் ஒரு குட்டியானை,
மேலே எதுவும் மூடாமல்.

யார் வண்டி, யார் கம்பு
என்றெல்லாம் கேட்டால் எனக்கென்ன தெரியும்.
தையல் ஒழுகுகிறதா
என்றுதான் பார்த்தேன்.
ஒழுகவில்லை.