மூன்றாம் தரம்

தென்மலையில் மண் சரிந்த காலை.
கொல்லத்து வியாபாரிகள் வரமாட்டார்கள் என்று
செங்கோட்டை ரயிலடி எதிரே பரோட்டாக் கடையில்
எங்களுக்குச் சேதி வந்தது.
"மழைக்கும் ஒரு டீ சொல்லுங்க" என்றார்
முந்தின நாளே மலையிறங்கி வந்துவிட்ட
புனலூர் சாக்கோ.

எண்ணெய் ஊறிய பட்டியலில்
ஆவுடைநாயகம் பென்சிலால் கோடிழுத்தார்.
சக்கரமும் பணமும் பீர்முகம்மதுக்கு,
பழைய முத்திரைத் தாள்கள் சாக்கோவுக்கு,
பித்தளைப் படிக்கற்கள் தனக்கு,
அஞ்சல் உறைகள் எனக்கு.
"ஒருத்தன் கை தூக்குனா
மத்தவன் பல்லு குத்திக்கிட்டு இருக்கணும். அம்புட்டுதான்."

நியாயம் இல்லாமலில்லை.
ஒரு அரைச்சக்கரத்துக்காக
நானும் பீர்முகம்மதும் ஏற்றி ஏற்றிக் கேட்டு
மூன்று வருடம் முகம் பாராதிருந்தோம்.
அவன் மோட்டார் சுற்றிப் பிழைப்பவன்,
நான் பத்திரப்பதிவில் எழுத்தன்.
அந்தப் பகை ஆறின இடத்தில் வளர்ந்தது இந்த ஏற்பாடு.
நட்பு என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

பழைய நெல்மண்டி. ஓட்டில் மழை.
அறுபத்திரண்டு உறைகள், சணல் கட்டு.
மேலே இருந்தது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினேழு,
புளியரையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு,
சங்கு முத்திரை நனையாமல், கலங்காமல்.
என் பையில் இருபத்திரண்டாயிரம் இருந்தது.
தொள்ளாயிரம் என்றேன்.

ஒரு தரம்.
பீர்முகம்மது ஜன்னலைப் பார்த்தான்.
ரெண்டு தரம்.
சாக்கோ கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.
மூணு

கடைசி வரிசையில்
செத்துப்போன தாணுமாலயனின் மகள்
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
தொகைகளை எழுதிக்கொண்டிருந்தாள்.
திருப்பூரிலிருந்து ஒருநாள் லீவில் வந்தவள்.

பணம் கட்டும் மேஜையில் சொன்னாள்:
"இந்தக் கட்டு மட்டும் முப்பதாயிரம் போகும்னு
அப்பா சாகுறவரைக்கும் சொன்னாங்க, சார்.
அவங்களுக்கு விவரம் பத்தல போலருக்கு."

தாணுமாலயனுக்கா விவரம் பத்தாது?
பகவதி, உன் அப்பா
எங்கள் பெஞ்சில் ஐந்தாவது ஆள்.
பன்னிரண்டு வருடம் முன்பு கொட்டாரக்கரையில்
இதே கட்டு அவருக்கு இருநூற்றைம்பதுக்குக் கிடைத்தது,
அன்று பல் குத்திக்கொண்டிருந்தவன் நான்.
அந்த ராத்திரி பரோட்டாவுக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
யாரிடமிருந்து எடுத்தோம் என்று
கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து
யாரும் ஏலத்துக்கு வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னேனா?
"மார்க்கெட் இப்போ டல்லும்மா" என்றேன்.

அலுவலகத்தில்
விலையைக் குறைத்துக் காட்டிய கிரயப் பத்திரங்களுக்குச்
சிவப்பு மைக் குறிப்பு எழுதுவது என் வேலை.
பக்கத்து சர்வே எண் என்ன விலை போனது,
ரோட்டிலிருந்து எத்தனை அடி,
எல்லாம் கேட்பேன்.
தரகர்கள் என்னைக் கண்டால் பீடியை அணைப்பார்கள்.

வாய் திறந்தால்
மூன்று பேரைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன்.
திறக்காவிட்டால் ஒரு செத்த மனுஷன்
மகளிடம் வாய்ப்பந்தல் போட்டவன் ஆகிறான்.
அவரைக் கேட்டால்
சும்மா இருடே என்றுதான் சொல்வார்,
அதுதான் இன்னும் மோசம்.

ராத்திரி ஆவுடைநாயகம் போன் பண்ணினார்.
தாணு வீட்டுப் பரணில்
இன்னொரு டிரங்குப் பெட்டி இருக்கிறதாம்,
அடுத்த மாசம் அதையும் விடுகிறாளாம்.
"அதே கடை, ஒன்பதரை."
மழை இரைச்சலில் கேட்காத மாதிரி
ரெண்டு தடவை அலோ அலோ என்றேன்.
அவர் திரும்பச் சொன்னார்.

உறைகளை இன்னும் ஆல்பத்தில் ஏற்றவில்லை.
ரசீதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கீழே அவள் கைபேசி எண்.
மேலே, எழுத்தால்,
ரூபாய் தொள்ளாயிரம் மட்டும்.
இந்த 'மட்டும்' என்ற சொல்லை
இருபத்தாறு வருடமாக
நாளுக்கு நாற்பது தடவை எழுதுகிறேன்.
தொகைக்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடாதிருக்க
அதை எழுத வேண்டும் என்று
புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்வேன்.