திரையில் வந்த நேரம்

என் மேசைக்கு வருவதெல்லாம் மோம்போதான்.
நீலக் கவரிமா, கொம்புக்கு ஒரு காலுறை.
பதினாலு சீசன், இரண்டு சினிமா,
பல்துலக்கி, படுக்கை விரிப்பு, காதுவலி மருந்துக் குப்பி.
பர்பேங்க்கில் நாலாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே
ஒரு கார் நிறுத்தமும் அதன் வெயிலும்.

வேறு யாருடைய தொடரிலாவது
மோம்போ தலைகாட்ட வேண்டுமென்றால்
ஷூஷான் கெவோர்க்கியனைக் கேட்க வேண்டும்.
அதாவது என்னை.

மருத்துவமனைத் தொடர்:
வார்டு டிவியில் ஏழு நொடி, சத்தமில்லாமல்.
சரி என்றேன்.
நகைச்சுவைத் தொடர்: விவாகரத்தான அப்பா
மோம்போ வேஷத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்,
தலை கழலவில்லை, மூக்கோட்டை வழியே உறிஞ்சுகுழலில் பீர்.
எலுமிச்சை ஜூஸாக்குங்கள், சரி.
கோர்ட் தொடரில் வக்கீலின் டை. சரி.
பெரியவர்களுக்கான இன்னொரு கார்ட்டூனில்
ஜோம்பா என்றொரு ஊதா எருமை
வட்டிக்கு விடுகிறது, கெட்ட வார்த்தை பேசுகிறது.
சட்டப் பிரிவு பெருமூச்சு விட்டது:
கேலி செய்ய நம் அனுமதி வேண்டாமாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பில் அதை எழுதவில்லை.

விதிப் புத்தகம் சின்னதுதான்.
மோம்போ புகைக்காது. ஓட்டுக் கேட்காது.
அதன் ஒரு மயிரும் உதிரக் கூடாது.
பிணத்துக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பிப்ரவரியில் ஒரு துப்பறியும் தொடர் வந்தது.
நாலாம் எபிசோட். மினசோட்டாவில் உறைந்த ஏரி,
போலீஸ் நாய், நாணலுக்குள்
ஒரு குழந்தையின் இடது செருப்பு,
வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்பு,
முன்னால் மோம்போவின் முகம்.

மறுத்தேன். இரண்டு வரி.
எழுதியவரே போன் செய்தார், டெஸ்மண்ட் ஹூலிஹன்.
கத்தவில்லை; கத்தியிருந்தால் சுலபம்.
"நாலு வயதுப் பையன். வேறென்ன போடுவான்?"
வெறும் செருப்பு போடட்டும் என்றேன்.
"வெறும் செருப்பு எந்தக் கடையில் விற்கிறது,
சொல்லுங்கள், போய் வாங்குகிறேன்."

அன்று மாலை க்ளென்டேல் திரும்பும் வழியில்
குழந்தைகள் வரிசை முழுக்க நடந்து பார்த்தேன்.
கரடி, ராக்கெட், ராஜகுமாரி,
மோம்போ, மோம்போ, மோம்போ.
என் வாஹேவும் அந்த வயதில்...
இல்லை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை,
ஃப்ரெஸ்னோவில் ஏசி ரிப்பேர் பார்க்கிறான்.
ஒரு ஜுரத்து இரவில் ஊசி போட்ட இடத்தில்
ஒட்டிய நீலப் பிளாஸ்திரியை
ஒன்பது நாள் பிய்க்க விடவில்லை, அவ்வளவுதான்.

விதி விதிதான். போட்ட கையெழுத்தை மாற்றவில்லை.

அக்டோபரில் ஒளிபரப்பானது.
சாம்பல் நிறச் செருப்பு. கடையில் கிடைக்காமல்
யாரோ கையால் தைத்திருக்க வேண்டும்,
விளிம்பில் நூல் கோணியிருந்தது.
முன்னால் ஒன்றுமில்லை.
கேமரா அந்த ஒன்றுமில்லையின் மேல் நின்றது,
நாய் குரைப்பதை நிறுத்தும்வரை.

மறுநாள் பதிவேட்டைத் திறந்தேன்.
தொடரின் பெயர், தேதி, எபிசோட் நாலு.
மோம்போ திரையில் வந்த நேரம்:
சைபர் என்று அடித்தேன்.
அழித்தேன்.
பதினொரு நொடி என்று அடித்துவிட்டு
காபி போடப் போனேன்.