கழித்தல் முப்பத்தொன்று

ஒவ்வொரு ஏப்ரலிலும் நாடாவின் ஒரு முனையை
ஹோட்டலின் கிழக்கு வாசற்படியில் மாட்டிவிட்டு
மறுமுனையோடு கடலை நோக்கி நடப்பது என் உத்தியோகம்.
தரை முடிகிற இடத்தில் மண்டியிட்டு
எண்ணைப் படித்து எழுதிக்கொள்வேன்.

எனக்கு முன்பு ஹார்லண்ட். அவருக்கு முன்பு அவருடைய மாமனார்.
பேரேட்டின் முதல் பதிவு, 1891:
இருநூற்றுப் பன்னிரண்டு கஜம்.
அன்று கிராண்ட் மரைனில் பித்தளைக் கைப்பிடிகள்,
ஹல்லிலிருந்து ரயிலேறி வந்த பியானோ,
கடல் ரொம்பத் தள்ளி இருக்கிறதென்று
விருந்தினர் புத்தகத்தில் ஒரு புகார்.

கரை என்பதைப் பெயர்ச்சொல் என்று நம்பிக் கட்டியிருக்கிறார்கள்.
கடல் அதை ஏவலாக வாசித்தது.

யார்க்‌ஷயரின் இந்த ஓரத்தில் பாறை கிடையாது,
களிமண்தான்.
படுக்கப் போகையில் ஒரு வேலி இருக்கும்.
காலைத் தேநீர் ஆறுவதற்குள்
வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பசுக்கள்
எதையோ மறந்தவை போல விழிக்கும்.

போர்க்காலத்தில் ராணுவம் வந்து தங்கியது.
எதிரியை எதிர்பார்த்துப் புல்வெளியில்
கான்கிரீட் காவல்கூண்டு எழுப்பியது.
வந்த ஒரே எதிரியைத்
துப்பாக்கித் துளைகளால் பார்த்தபடியே
கூண்டு தலைகுப்புற விழுந்தது.

தர்ஸா பிளென்கின் ஹோட்டலை வாங்கியபோது
அறுபத்தெட்டு கஜம். கொள்ளை மலிவு.
கெட்டிக்காரி. கடல் நெருங்க நெருங்க
கிழக்கு அறைகளின் வாடகையை ஏற்றினாள்.
'இவ்வளவு பக்கத்தில் வேறெங்கே கிடைக்கும்?'

பூஜ்யம் எழுதிய வருடம் என் கை நடுங்கியது.
அவள் நடைகூடத்தின் குறுக்கே செங்கல் சுவர் வைத்து
அறை பதினைந்திலிருந்து ஹோட்டலைத் தொடர்ந்தாள்.

லீட்ஸிலிருந்து ஒரு பல் மருத்துவர், ஆர்ம்ஸ்பி.
செப்டம்பர் தோறும் ஒன்பதாம் எண் அறை.
அது பிப்ரவரியில், ஒரு ராத்திரியில், ஆளில்லாமல் போயிருந்தது.
அவள் பதினாறின் சாவியை நீட்டினாள்.
அவர் பலகையில் தொங்கிய ஒன்பதையும் கேட்டார்.
பத்து நாள் சட்டைப்பையில் வைத்திருந்து
கிளம்பும்போது விதிப்படி திருப்பிக் கொடுத்தார்.
அவள் விதிப்படி வாங்கி மாட்டினாள்.
இருவரும் சிரிக்கவில்லை.

இப்போது நீர் வற்றும் நேரம்
வெள்ளைக் குளியல்தொட்டி ஒன்று தலைகாட்டுகிறது.
எப்போதும் நிறைந்தே இருக்கிறது.

வாசற்படி இல்லை. ஆகவே சாலையோர மைல்கல்லிலிருந்து
அளந்து கழித்துக்கொள்கிறேன்.
பேரேட்டில் கழித்தலுக்குக் கட்டம் கிடையாது.
அதே கட்டத்தில் சிறு கோடு போட்டு
இவ்வருடம் முப்பத்தொன்று என்று எழுதினேன்.
இல்லாததை எதற்கு அளக்கிறாய் என்கிறார் புது அதிகாரி.
நாடாவைத் துடைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மைல்கல்லுக்கு மேற்கே முதல் வீடு என்னுடையது.
பேரேட்டில் அதற்கு இன்னும் ஒரு வரி இல்லை.