தானாக

எட்டு மணி நேரம் சார்பி எல்லைச் சாவடியில்
கடவுச்சீட்டு, முகம். கடவுச்சீட்டு, முகம்.
துருக்கிக்குத் தேயிலை பறிக்கப் போகிறவர்கள்,
வெங்காய லாரிக்காரர்கள்,
அக்கரையில் மூக்கை மாற்றிக்கொண்டு வந்த ஒருத்தி.
பிறகு பதூமிக்குப் பேருந்து, நான்கு மாடி,
நனைந்த குடையைக் குளியல் தொட்டியில் எறிந்துவிட்டு
லேப்டாப்பைத் திறந்தால்
அது நிமிர்ந்து என்னைக் கேட்கிறது:
கடவுச்சொல்?

என் வீடு. என் வைஃபை.
மாதா மாதம் பணம் கட்டுகிறவள் நான்.
இருபது நாளாக இதே விசாரணை.

செல்போன் இப்படி இல்லை.
சாவடியில் அக்கரைக் கோபுரத்தைக் கண்டதும்
யாரையும் கேட்காமல் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.
துருக்கி வரவேற்கிறது என்று செய்தி வரும்,
கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.
நான் என் நாட்டில், என் நாற்காலியில்தான் இருப்பேன்;
சட்டைப்பை மட்டும் எல்லை தாண்டியிருக்கும்,
முத்திரை இல்லாமல்.

அழைக்காத வீட்டில் நுழைகிறது ஒன்று,
சொந்த வாசலில் செருப்பைக் கையில் பிடித்து நிற்கிறது இன்னொன்று.
இரண்டையும் வாங்கியது ஒரே கடையில்.

இரவு பத்துக்கு மூர்மான் அழைப்பான், போலந்திலிருந்து.
செல்போனில் பேசலாமே என்பான்.
பேசலாம்.
முகம் சரிபார்க்க எனக்குப் பெரிய திரை வேண்டும்.

கம்பெனிக்குச் சொன்னேன்.
ரௌட்டரை அணைத்து முப்பது எண்ணுங்கள் என்றாள் ஒருத்தி.
எண்ணினேன், சலுகையாக முப்பத்தைந்து வரை.
பச்சை விளக்கு வந்தது. கேள்வியும் வந்தது.
டிரைவரைப் புதுப்பியுங்கள். புதுப்பித்தேன்.
மின்சாரம் மிச்சம் பிடிக்க
வைஃபை அட்டையை உறங்கவிடும் வசதி ஒன்று உண்டு,
அதை நிறுத்துங்கள். நிறுத்தினேன்.
இப்போது அது உறங்குவதில்லை,
விடிய விடியக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கடைசியாக அவள் சொன்னது:
இந்த வலையை மறக்கச் சொல்லுங்கள்.
அடியோடு மறந்தால்தான் மறுபடி ஒழுங்காக நினைவில் வைக்கும்.

மூர்மான் கிளம்பிய வாரம்
அடுத்த கவுண்ட்டர் ஜூஜூனா எனக்குச் சொன்ன வைத்தியமும் இதுதான்.
நான் செய்யவில்லை.
லேப்டாப்புக்குச் செய்தேன். ஒன்பது முறை.

நேற்று மழை விடவில்லை.
மேல்மாடி லாஷா, பீட்சா கொண்டுபோகிறவன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல் என் சமையலறையில் ஒதுங்கி நின்றான்.
பத்தாவது முறை அடித்தேன்:
மந்தரினி, பிறகு இருபத்தாறு. மூர்மான் வைத்தது.

"நில்லுங்க. இப்ப உங்க விரல் என்ன பண்ணுச்சு?"
என்ன பண்ணியது?
"அந்தக் கட்டம். நினைவில் வைத்துத் தானாக இணை.
டிக் இருந்துச்சு. எடுத்துட்டீங்க."

எடுத்திருக்கிறேன்.
பத்து முறையும், கண்ணுக்குத் தெரியாமல்.
பதினேழு வருடமாக எதையும்
தானாக உள்ளே விடாத விரல்.
என் அண்ணன் வரிசையில் வந்தபோதும்
கண்ணாடியைக் கழற்று என்றுதான் சொன்னேன்.
கழற்றினான். இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறான்.

லாஷா சிரிக்கவில்லை. யாருடைய பீட்சாவோ ஆறிக்கொண்டிருந்தது.
அவன் டிக் வைத்தான்.
நான் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்,
பெட்டியைத் திறக்கச் சொன்னதும்
பயணிகள் உட்காருவார்களே, அப்படி.

இன்று காலை மூடியைத் திறந்தேன்.
கேள்வி இல்லை.
அது பாட்டுக்கு உள்ளே போயிருந்தது.
விரல்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை;
மந்தரினி இருபத்தாறு என்று அடித்து முடித்தபின் பார்க்கிறேன்,
தேடல் பெட்டியில் விழுந்து கிடக்கிறது.

பதிலும் வந்துவிட்டது:
கொபுலேத்தியில் மந்தரினி, கிலோ விலை
போன வாரத்தைவிட இறக்கம்.

பேருந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.
முழுவதும் படித்தேன்.