செவ்வாய்க்கிழமைத் திறப்பு

எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒருக்கால்,
செவ்வாய், காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை.
நிலக்கீழ்ச் சலவை அறையின் திறப்பு
சிவப்பு மரக்கட்டை ஒன்றில் கோர்த்தபடி
கதவுக்குக் கதவு நடக்கும் இந்தக் கட்டடத்தில்.
சூர்புகன் அம்மையாரிடமிருந்து எனக்கு,
என்னிடமிருந்து மூன்றாம் மாடி எரித்திரியக் குடும்பத்துக்கு.

புர்க்டோர்ஃபில் இன்று ஐந்தாவது நாள் புகார்.
எதிர்வீட்டுக் கூரை போய்விட்டது.
மலையில் நின்ற கோட்டை போய்விட்டது.
ரயில் வருகிற சத்தம் இருக்கிறது,
ரயில் இல்லை.

அடுப்பைப் பார்த்தேன். பூச்சியத்தில் நிற்கிறது.
கதவைப் பூட்டினேன். திறந்தேன்.
அடுப்பைப் பார்த்தேன். பூச்சியத்தில் நிற்கிறது.
இடுப்பில் இயல்வன், ஒன்பது மாதம்,
மற்றக் கையில் ஊத்தை உடுப்புக் கூடை,
பின்னால் நிலானி, சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டபடி.
லிஃப்டுக்குள் ஏறிய பிறகு
அடுப்பைப் பார்க்கத் திரும்பி வந்தேன்.

இரவில் மூச்சு எண்ணுகிறேன்.
சின்னவனின் மூச்சு, பெரியவளின் மூச்சு,
உணவகத்தில் சட்டி கழுவி
கடைசி ரயிலில் வந்து விழும் சேந்தனின் மூச்சு.
என்னுடையது கணக்கில் வராது.

"உனக்கென்னடி குறை,
பிள்ளையள் ரெண்டும் பூ மாதிரி" என்கிறாள்
டொரொண்டோவிலிருந்து அக்கா.
ஓம். பூ மாதிரி.
அதுதான் தூக்கும்போது கை நடுங்குகிறது.
பால்கனிக் கதவுக்குக் குறுக்கே
சோபாவை இழுத்துப் போட்டிருக்கிறேன்.
குளிர் வருகுது என்று சொல்லியிருக்கிறேன் வீட்டில்.

கீழே, மெஷின் தண்ணீர் இழுக்கிற சத்தத்துக்குள்
அழலாம்.
தொண்ணூறு பாகையில் போட்டால் இரண்டு மணி நேரம்.
அறுபதுக்கு ஒன்றேகால்.
நாற்பதில் போட்டால்
முகம் கழுவக்கூட நேரம் காணாது.

மறந்துவிட்ட உடுப்புக் கவ்விகளை எடுக்க
சூர்புகன் அம்மையார் வந்தார்.
"கெய்ட்ஸ்?" என்றார்.
ஏழு வருடமாக அந்தக் கேள்விக்கு
வாசல் செருப்பு மாதிரி ஒரே விடை வைத்திருந்தேன்:
"யோ, கெய்ட்."
அன்று வாய் திறந்தபோது
"நை" என்று வந்தது.

இல்லை என்பதற்கு இந்த ஊர்ச் சொல்.
நைந்த துணிக்கு எங்கள் மொழியிலும்
அதே எழுத்துத்தான்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
கொடியில் காய்ந்து கிடந்த என் விரிப்பின்
இரண்டு முனைகளை எடுத்தார்.
மற்ற இரண்டையும் நான் எடுத்தேன்.
விலகினோம், இழுத்தோம், கிட்ட வந்தோம்.
முனைகள் கைமாறும்போது
அவரின் விரல்கள் ஐஸ்.
"எண்பத்தாறில், இதே அறை" என்றார்.
கவ்விகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு
படியேறிப் போய்விட்டார்.

இப்போது வியாழக்கிழமைகளில்
ஒருவரிடம் போய்க் கதைக்கிறேன்.
மொழிபெயர்க்க வருகிற பிள்ளை சொன்னாள்:
பயத்துக்கு இவையளிடம் ரெண்டு சொல் இருக்கு,
உங்கட பயம் எது, அக்கா?
எனக்குச் சொல் தெரியவில்லை.
மணி தெரியும்: விடியப்புறம் மூன்று.

காலையில் அரைக் குளிசை.
சில நாள் கேட்கிறது.
சில நாள் சோறு குழையும்வரை
சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
இயல்வன் அழுதால்
வேறு வீட்டில் அழுகிற மாதிரி இருக்கிறது.
பிறகு என் வீடாகிறது. ஓடுகிறேன்.

அடுப்பை மூன்று முறையோடு
நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.
வாசலில் நின்று நிலானி விரல் மடிக்கிறாள்.
ஒண்டு.
ரெண்டு.
மூன்றாவதை மடிக்காமல்
என் முகத்தைப் பார்க்கிறாள்.
"காணும், அம்மா."

லிஃப்ட் வந்து நிற்கிறது.
திறப்பின் சிவப்புக் கட்டையைச் சப்புகிறான் சின்னவன்.
கதவு மூடும்வரை
திரும்பித்தான் பார்க்கிறேன்.
இறங்குகிறோம்.